அப்பாவின் மூங்கில் ராடோடு குளிர்கால டிரவுட்: எதைப் பயன்படுத்தலாம், எதைத் தொடக்கூடாது?

ஆற்றுமேடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் அப்பாவின் முதல் நினைவு நாள். குளிர்காலத்தில் அவர் டிரவுட் மீன் பிடித்த அதே ஆற்றுக்கு நானும் தங்கையும் போகிறோம். அவர் விட்டுப்போன சாமான்கள்: இரண்டு துண்டு மூங்கில் ராடு, எட்டடி நீளம், நுனித்துண்டு மட்டும் இரண்டு, கிளிக் சத்தம் போடும் பழைய ரீல், அதில் சுற்றியிருக்கும் லைன், ஒரு தகர டப்பா நிறைய அவரே கட்டிய ஃபிளைகள் (இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் செய்த முள்கள்), ஒரு குறிப்பு நோட்டு.

கோடையில் ஃபிளை ராடு வீசிப் பழக்கம் உண்டு, குளிர்காலம் எனக்குப் புதிது. தங்கை தூண்டில் பிடித்ததே இல்லை. ஆற்றின் அந்தப் பகுதியில் குளிர்காலத்தில் பிடித்து விட மட்டும் அனுமதி. இருவருக்கும் உரிமம் எடுத்தாயிற்று.

இந்தச் சாமான்களில் எதைத் தண்ணீருக்குக் கொண்டு போகலாம்? உறைகுளிரில் மீன் எங்கே நிற்கும், எப்படிக் கொடுக்க வேண்டும்? அப்பாவின் அஸ்தியில் கொஞ்சம் அங்கே கரைக்க நினைக்கிறோம், அதைப்பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையரீல்

ராடிலிருந்து தொடங்குவோம். மூங்கில் ராடு என்பது ஆறு சீவல்களை அறுகோணமாக ஒட்டிச் செய்தது. பழைய ராடுகளில் பசை விட்டிருந்தாலும் பார்த்தவுடன் தெரியாது. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டையும் மெல்லச் சுழற்றி, சீவல்கள் சேரும் கோட்டில் மயிரிழை அளவுக்குக் கறுப்பு இடைவெளி தெரிகிறதா பாருங்கள். அடுத்து துண்டை லேசாக வளைத்துக் காதோரம் வைத்துக் கேளுங்கள். ‘டிக்’ என்று ஒலித்தால் பசை விட்டிருக்கிறது, இல்லையென்றால் துண்டுகளை இணைக்கும் உலோகக் குழலான ஃபெரூல் உள்ளே தளர்ந்திருக்கிறது. இரண்டுமே மூங்கில் ராடு சரிசெய்பவரிடம் போகவேண்டிய வேலை. உடனடிப் பசை எதையும் வீட்டில் ஊற்றிவிடாதீர்கள். அவர் அந்த ஃபெரூலைக் கழற்றும்போது மூங்கிலும் சேர்ந்து பிய்ந்து வரும்.

ஃபெரூல் சரியாக இருந்தால் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஆண் பக்கத்தையும் பெண் பக்கத்தையும் துடைத்தால் போதும். எண்ணெய் வேண்டாம், உப்புத்தாள் கூடவே கூடாது. அந்தப் பொருத்தம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் நிற்பது, தேய்த்தால் திரும்ப வராது. பூட்டும்போதும் கழற்றும்போதும் நேராகத் தள்ளி நேராக இழுக்க வேண்டும். திருகினால் அந்த விசை முழுவதும் பசைக் கோட்டில் இறங்கும். குளிரில் சிக்கிக்கொண்டு வரவில்லை என்றால் உட்கார்ந்து, ராடை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, கைகளை முழங்கால்களுக்கு வெளியே நீட்டி இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மெல்ல விரியுங்கள். நேர்கோட்டில் இழுபடும், கை நடுக்கம் ராடுக்குப் போகாது.

கைப்பிடிக்கு அருகில் இருக்கும் முதல் வளையம் பழைய ராடுகளில் அகேட் கல்லாக இருக்கலாம். கல்லில் விரிசல் விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் லைனைச் சீவித் தள்ளும். நைலான் காலுறைத் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். எங்காவது பிடித்தால் அந்த இடத்தில் விரிசல்.

கார்க் கைப்பிடியைத் தயவுசெய்து தேய்த்து வெளுக்காதீர்கள். கட்டைவிரல் பதிந்த இடம் அதில் குழியாகவும் கறுத்தும் இருக்கும். புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று உப்புத்தாளால் தேய்க்கிறவர்கள் முதலில் அழிப்பது அதைத்தான். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

ரீலில் கிரீஸ் காய்ந்து பசையாகியிருக்கும், உறைகுளிரில் அது இன்னும் இறுகி கிளிக் நாக்கை மாட்டவைத்துவிடும். லைன் சுற்றும் உருளையான ஸ்பூலைக் கழற்றி, லைட்டர் திரவம் தொட்ட துணியால் பழைய கிரீஸை முழுவதும் எடுங்கள். பிறகு அச்சில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி, கிளிக் நாக்கில் ஒரு துளி. கனமான கிரீஸ் போடாதீர்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அரிப்பு, மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். உலோகக் கத்தி வேண்டாம்.

லைனை மாற்றியே ஆகவேண்டும். பழைய பி.வி.சி. லைன் மேல்பூச்சு வெடித்துத் தண்ணீர் குடிக்கும், குடித்த தண்ணீர் வளையத்தில் பனிக்கட்டியாகும். பழைய லைனைத் தனியாகச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ராடில் ஹெச்.இ.ஹெச். என்று குறியிருந்தால் இன்றைய கணக்கில் 5ஆம் எண் (லைனின் எடை) டபுள் டேப்பர், அதாவது இரு முனையும் மெலிந்த லைன்; ஹெச்.டி.ஹெச். என்றால் 6. லைனுக்கு அடியில் சுற்றியிருக்கும் பேக்கிங் நூல் டாக்ரான் என்ற செயற்கை இழையாக இருந்து, ஒரு முழம் இழுத்துப் பார்த்து அறாமல் நின்றால், அவர் ஸ்பூலில் போட்ட முடிச்சை அப்படியே விடலாம். பருத்தியோ லினனோ என்றால் மக்கியிருக்கும், எடுத்துவிடுங்கள்.

டப்பாவிலுள்ள ஃபிளைகளை வகைக்கு ஒன்றாக எடுத்துத் தனியாக வையுங்கள். அவை தண்ணீர் பார்க்க வேண்டாம். மிச்சத்தில் பயன்படுத்த நினைப்பதை ஃபோர்செப்ஸில் பிடித்து, முள்ளின் முனையை மரத்துண்டில் அழுத்திப் பாருங்கள். துரு உள்ளே போயிருந்தால் வளையாமல் ஒடியும். முள்ளில் நரம்பு கோக்கும் துளையான கண் இல்லாமல், பட்டுப்புழு நரம்பு கட்டிய பழைய ஃபிளைகள் இருந்தால் அந்த நரம்பை நம்பக்கூடாது, காய்ந்தது கையோடு வரும். இறகில் பூச்சி அரித்த தூள் தெரிந்தால் டப்பாவை உறையில் மூடி உறைபெட்டியில் ஓரிரு வாரம் வையுங்கள். முக்கியமாக, ஆற்றில் நனைந்த ஃபிளையை அன்றே டப்பாவுக்குள் திருப்பி வைக்காதீர்கள். ஒன்றின் ஈரம் மொத்த டப்பாவையும் துருப்பிடிக்க வைக்கும்.

மடுநிழல்

சாமான் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார். நான் தண்ணீர் பக்கம்.

டிரவுட் குளிர்ந்த இரத்தப் பிராணி. தண்ணீர் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகும். தின்னாமல் இருக்காது, ஆனால் இரைக்காக ஒரு சாணுக்கு மேல் நகராது. ஆகையால் கோடையில் நீங்கள் பார்த்த வேகமான இடங்களையெல்லாம் விட்டுவிடுங்கள். ஆழமான மடு, அதிலும் நீரோட்டம் நடைவேகத்துக்கும் குறைவாக இருக்கிற பக்கம், வேகநீரும் மந்தநீரும் சேரும் கோட்டின் உட்புறம், மடு முடிந்து மேடேறும் வால்பகுதிக்குச் சற்று முன்னால். மீன்கள் பரவி நிற்காது, கூடி நிற்கும். ஒன்று கிடைத்தால் அதே இடத்தைப் பொறுமையாக மேய வேண்டும்.

சட்டைப்பையில் வெப்பமானி இருக்கட்டும், கண்ணை நம்பாதீர்கள். காலை 11 மணிக்கு முன்னால் போய்ப் பயன் குறைவு. 11 முதல் 3 வரை தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலும் போதும், மீன் வாய் திறக்கும். இதில் புதியவர்களை ஏமாற்றுகிற ஒரு விஷயம்: பளிச்சென்று வெயில் அடிக்கிற நாள் நல்ல நாள் என்று தோன்றும். கரையில் பனி கிடந்தால் அந்த வெயிலே பிற்பகலில் அதை உருக்கி ஆற்றில் இறக்கும், தண்ணீரின் வெப்பம் மறுபடி குறையும். 1 மணிக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்த மடு 2 மணிக்குச் சட்டென்று அடங்கிவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேகமூட்டமான, காற்றில்லாத, சற்றே மிதமான நாள் இதைவிட மேல். உங்கள் நாள் முன்பே முடிவானது, வானிலையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிவாக இருந்த கடுங்குளிர் இரவுக்கு அடுத்த காலையில் தண்ணீரில் கூழ்போல் பனித்துகள் மிதந்து வரும், ஆற்றடிக் கல்லிலும் பனி ஒட்டியிருக்கும். வெயில் ஏறியதும் அடிப்பனி கழன்று மிதந்து வரும். அது ஓயும்வரை தூண்டில் போடுவது வீண், ஒவ்வொரு வீச்சிலும் பனிதான் மாட்டும். உங்கள் ஆறு அணைக்குக் கீழே ஓடுவதா, ஊற்றிலிருந்து வருவதா என்பதையும் பாருங்கள். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியில். அதனால் ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து விடும் நீர் குளிர்காலத்திலும் ஏறத்தாழ அந்த வெப்பத்தில் வரும், அணைக்குக் கீழே முதல் சில கிலோமீட்டர் உறையாது. ஆனால் அணையைத் திறந்தால் நீர்மட்டம் நிமிடங்களில் ஏறும். திறக்கும் நேரத்தை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டும் முறை: லைனின் முனையில் ஒன்பதடி லீடர், அதாவது நுனிநோக்கி மெலியும் நரம்பு. அதன் முனையில் 5எக்ஸ் ஃபுளோரோகார்பன் நரம்பு, அதாவது 0.15 மி.மீ. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தால் 6எக்ஸ், 0.13 மி.மீ. மேலே 16ஆம் எண் (முள்ளின் அளவு, எண் கூடினால் முள் சிறிது) ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், அதாவது நீருக்கடியில் வாழும் பூச்சிக்குஞ்சு போன்ற ஃபிளை, அதிலிருந்து 40 செ.மீ. கீழே 20ஆம் எண் மிட்ஜ் புழு, கறுப்பு அல்லது கருஞ்சிவப்பு. உறைகுளிரிலும் கூடு உடைத்து வெளிவரும் பூச்சிகளில் முக்கியமானது கொசு போன்ற சிறு பூச்சியான மிட்ஜ், ஆகவே அது இல்லாமல் போகாதீர்கள். தக்கையை ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரத்தில் மாட்டுங்கள். ஈயக்குண்டு முதல் நிம்ஃபுக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே.

பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் ஃபிளையை மாற்றுவார்கள். முதலில் ஈயத்தை மாற்றுங்கள். சில வீச்சுக்கு ஒருமுறையாவது அடிக்கல்லில் தட்டுப்பட வேண்டும். தட்டவே இல்லை என்றால் மீனின் தலைக்கு மேலே போகிறது, மீன் எழும்பி வராது. அப்படியும் இல்லையென்றால் அடுத்த வரிசை, ஒரு முழம் தள்ளி. குளிர்காலத்தில் தக்கை முங்காது. ஒரு நொடி தயங்கும், லேசாகச் சாயும், சுற்றியுள்ள நுரையைவிட மெதுவாகப் போகும், அவ்வளவுதான். அதைக் கண்டதும் ராடைக் கீழ்நீர்ப்பக்கம் சிறிதாகத் தூக்குங்கள்.

வீட்டிலேயே நாலைந்து கோவைகளை முழுவதுமாகக் கட்டி, நுரைப்பஞ்சு உருளையில் சுற்றி எடுத்துப் போங்கள். விறைத்த விரலோடு 6எக்ஸ் நரம்பில் 20ஆம் எண் முள்ளைக் கட்ட ஆரம்பித்தால் அன்றைய நல்ல அரைமணி நேரம் அதிலேயே போய்விடும்.

வடகரை

ஒரு மாற்றுக் கருத்து. அந்த மூங்கில் ராடை உறைநிலைக்குக் கீழே எடுத்துப் போகவே வேண்டாம் என்பேன். குளிர் மூங்கிலைக் கெடுக்காது, மனிதர்கள்தான் கெடுப்பார்கள். நுனி வளையத்தில் பனி அடைக்கும், அதை விரலால் உடைக்கப் போய் நுனியையே ஒடித்தவர்கள் அதிகம். ஈயக்குண்டும் தக்கையுமாக வீசினால் குண்டு நுனியில் பட்டு வார்னிஷ் தெறிக்கும், தெறித்த இடத்தில் தண்ணீர் இறங்கும். புது ராடு ஒன்றை வாங்கிக்கொண்டு போங்க. இது சுவரில் இருக்கட்டும்.

பழையரீல்

வடகரை அண்ணா சொல்கிற ஆபத்து எல்லாம் உண்மை, முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. இரண்டு ராடு கொண்டு போகட்டும். ஈயமும் தக்கையும் கார்பன் ராடில், ஒன்பதடி, 5ஆம் எண். மதியம் மிட்ஜ் பறந்து, மீன் மேல்நீரில் மூக்கு நீட்டும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மூங்கிலை உறையிலிருந்து எடுக்கட்டும். மேல்நீரில் மிதக்கும் 20 அல்லது 22ஆம் எண் உலர் ஃபிளை ஒன்று, ஈயம் இல்லை, தக்கை இல்லை. மூங்கில் ராடு மெல்ல வளைவது மெல்லிய நரம்பு அறாமல் காக்கும், அதற்காகவே அது பிறந்தது. மீன் எழும்பவில்லை என்றால் அன்று அதை எடுக்கவேண்டிய அவசியமே இல்லை.

வளையத்தில் பனி கட்டினால் ராடைத் தண்ணீருக்குள் சில நொடி முக்கினால் கரைந்துவிடும், ஆற்றுநீர் காற்றைவிடச் சூடு. ரீல் மட்டும் நனையக்கூடாது, ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உறைந்துவிடும். பனி கட்டுவதற்குக் காரணமே லைனை இழுத்து இழுத்து ஈரத்தை வளையத்துக்குக் கொண்டு வருவதுதான். ஒரே நீளத்தில் வைத்து, இழுக்காமல் வீசினால் பாதித் தொல்லை இல்லை. வளையத்தில் பெட்ரோலிய ஜெல்லி பூசச் சொல்வார்கள், லைனின் மேல்பூச்சுக்கு அது ஆகாது. சிலிக்கோன் களிம்பு பூசுங்கள்.

தங்கைக்கு ரீலே வேண்டாம். ஜப்பானிய டென்காரா ராடு, 3.6 மீட்டர், அதே நீளத்துக்கு லைன் நுனியில் நேராகக் கட்டியது. வளையம் இல்லை, ஆகவே பனிப் பிரச்சினையும் இல்லை. ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்.

ஆற்றுமேடு

மிக்க நன்றி. டப்பாவைத் திறந்து பார்த்தேன், பாதிக்குமேல் துரு. வகைக்கு ஒன்றாக எடுத்து வைத்துவிட்டேன். அப்பாவின் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது, சாம்பல் கலந்த பழுப்பு. அந்தக் கம்பளி நூலில் ஃபிளை கட்ட முடியுமா? ஸ்வெட்டரைக் கெடுக்காமல்?

நூல்கட்டு

கட்டலாம், அதற்கென்றே ஒரு ஃபிளை இருக்கிறது. இங்கிலாந்தின் ஏவன் நதிக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கிய கில்லர் பக். ஃபெசன்ட் டெயில் நிம்ஃபும் அவருடையதுதான். சாட்விக்ஸ் 477 என்ற, கிழிசல் தைக்கும் கம்பளி நூலில் அவர் அதைக் கட்டினார். அந்த நூல் இப்போது உற்பத்தியில் இல்லை. சாம்பல் பழுப்பு நூல் அதற்கு நெருக்கமான மாற்று, உங்கள் ஸ்வெட்டரின் நிறம் பொருந்திப் போகிறது.

முதலில் அது உண்மையான கம்பளியா என்று பாருங்கள். உட்புறத் தையல் ஓரத்தில் வாலாக விட்டிருக்கும் நூலில் ஒரு செ.மீ. வெட்டி நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான மணியாகும். அக்ரிலிக் தண்ணீர் குடிக்காது, அதில் கட்டினால் தோற்றம் வேறு. அடுத்து நூலை நனைத்து வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள், மீன் பார்ப்பது நனைந்த நிறத்தைத்தான். நனைந்தால் கறுத்துவிடுகிறது என்றால் உடம்புக்கு வேறு வெளிர் நூலைச் சுற்றி, இதை மேலே ஒரு சுற்று மட்டும் கொடுங்கள்.

ஒரு ஃபிளைக்கு 15 செ.மீ. நூல் போதும். உட்தையல் வால்களை மட்டும் எடுத்தால் ஸ்வெட்டருக்கு ஒன்றும் ஆகாது, பின்னல் கண்ணை மட்டும் அறுத்துவிடாதீர்கள். ஸ்வெட்டர் நூல் தடிமன், அப்படியே சுற்றினால் குண்டாகி முள்வாயை அடைக்கும். முறுக்கைப் பிரித்து ஒரே ஒரு புரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

14ஆம் எண் முள், முனையிலுள்ள எதிர்க்கொக்கியான பார்பை இடுக்கியால் நசுக்கியது. மெல்லிய செம்புக் கம்பியைக் கண்ணுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வளைவுவரை நெருக்கமாகச் சுற்றி, மறுபடி முன்னால் வாருங்கள். இரண்டு அடுக்கு, நடுவில் கொஞ்சம் பருமன். கம்பியை வெட்டாமல் பின்பக்கம் கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். கண்ணருகே புரியைப் பிடித்துப் பின்னால், முன்னால், மறுபடி பின்னால் என்று மூன்று அடுக்காகச் சுற்றி, வளைவுக்கு மேலே அந்தக் கம்பியாலேயே நாலு சுற்று இறுக்கி முடியுங்கள். தனி நூல் தேவையே இல்லை. இருபக்கமும் ஒல்லியாகவும் நடுவில் சற்றுத் தடித்தும் இருந்தால் சரி. முதல் இரண்டு கோணலாக வரும், அதற்கு வேறு நூலைப் பயன்படுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

இதை கார்பன் ராடில் மட்டும் போடுங்கள், செம்பின் எடை மூங்கில் நுனிக்கு ஆகாது. குறைந்தது நாலாவது கட்டிக்கொள்ளுங்கள். அடிக்கல்லில் மாட்டி ஒன்றிரண்டு அறுந்துபோவது நிச்சயம். ஒன்றே ஒன்றைக் கட்டிக்கொண்டு போனால் அது தொலையும் பயத்தில் மேல்நீரிலேயே வீசிக்கொண்டிருப்பீர்கள், மீனும் கிடைக்காது.

குளிர்க்கரை

யாரும் இதுவரை ஆளைப் பற்றிப் பேசவில்லை. ராடு ஒடிந்தால் ஒட்டலாம்.

குளிர்நீரில் விழுந்தால் கணக்கு 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, அப்போது தலை தண்ணீருக்கு மேலே இருப்பது மட்டும்தான் வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் கரையேற வேண்டும். உடல்வெப்பம் குறைந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதனால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். குளிர்கால மீன் நிற்கிற மடுக்களைக் கரையோரத்திலிருந்தே வீசி எட்டலாம். வேடர் (நீரில் இறங்கப் போடும் நீர்புகா உடை) போட்டால் இடுப்புப்பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், ஊன்றுகோல் வையுங்கள். கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனித்தட்டில் ஒருபோதும் கால் வைக்காதீர்கள், அடியில் தண்ணீர் குடைந்திருக்கும். காலணியில் ஃபெல்ட் அடி இருந்தால் பனி உருண்டையாக ஒட்டி வழுக்கும், சில இடங்களில் அதற்குத் தடையும் உண்டு. ஆணி பதித்த ரப்பர் அடி நல்லது.

காலுக்கு மெல்லிய உள்ளுறை ஒன்று, கம்பளிக் காலுறை ஒன்று, காலணி ஒரு அளவு பெரிதாக. மூன்று உறை போட்டு இறுக்கினால் இரத்தம் ஓடாமல் இன்னும் விறைக்கும். கைகால் சூடாக்கும் ரசாயனப் பொட்டலங்களுக்குக் காற்று வேண்டும், வேடருக்குள் கால்விரலடியில் வைத்தால் பாதியில் அணைந்துவிடும். சட்டைப்பையில் வைத்துக் கையைச் சூடாக்குங்கள். பருத்தி உள்ளாடை வேண்டாம். மாற்றுத்துணி ஒரு முழு ஜோடி தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும்.

மீனுக்கும் இதே கவனம் வேண்டும். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் டிரவுட்டைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காதீர்கள், செவுள் இழைகளும் கண்ணும் நொடிகளில் உறையும். படம் வேண்டுமானால் ரப்பர் வலைக்குள், தண்ணீருக்குள் வைத்தபடியே. கையுறையைக் கழற்றி வெறுங்கையை நனைத்துப் பிடியுங்கள், கம்பளிக் கையுறை மீனின் வழவழப்பைத் துடைத்துவிடும். பனியில் கிடத்துவது கூடவே கூடாது.

நடக்கும்போது மடுவின் வால்பகுதியில் கவனம். பழுப்பு டிரவுட் இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலத் தொடக்கம்வரை முட்டையிடும். 5 டிகிரி தண்ணீரில் பொரிக்க 80 நாளுக்கு மேல் ஆகும், பொரித்த பின்னும் குஞ்சு சில வாரம் சரளைக்குள்ளேயே கிடக்கும். ஜனவரியில் அத்தனையும் உங்கள் காலடியில்தான். சுற்றியுள்ள கல்லைவிட வெளுத்து, சுத்தமாகத் தெரியும் சரளைத் திட்டுதான் அடையாளம். அதில் ஒரு குழியும், குழிக்குக் கீழ்நீர்ப்பக்கம் ஒரு மேடும் இருக்கும். குழியைப் பார்த்ததும் விலகி மேட்டில் கால் வைப்பார்கள், முட்டை இருப்பதோ அந்த மேட்டில். இரண்டையும் விட்டு நன்றாகச் சுற்றிப் போங்கள்.

அஸ்தி பற்றி: ஆறு யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அந்த அலுவலகத்திலும், கரை தனியாருடையது என்றால் உரிமையாளரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், விதி இடத்துக்கு இடம் மாறும். பெரியவர் ஒருவரின் மொத்த அஸ்தி 2 முதல் 3 கிலோ வரும். ஆற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். அது கார உப்புத்தன்மை உள்ளது, சிறிய தேங்குநீரில் மொத்தமாகக் கொட்டக்கூடாது. முட்டைச் சரளை இருக்கும் வால்பகுதியைத் தவிருங்கள். மடுவுக்குக் கீழே வேகமாக ஓடும் இடத்தில், காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருக்க, குனிந்து நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்து விடுங்கள். கனமான துணுக்குகள் உடனே இறங்கும், மெல்லிய தூள் மேல்நீரில் படலமாகக் கொஞ்ச தூரம் போகும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எதிர்பாராமல் பார்த்தால் சிலருக்கு மனம் தடுமாறும். உலர்ந்த மூடியுள்ள காகித டப்பாவில் கொண்டு போங்கள், ஈரம் பட்டால் கட்டியாகும். கம்பியோ பிளாஸ்டிக்கோ கட்டிய பூ எதையும் ஆற்றில் விடாதீர்கள்.

இதை மீன்பிடிப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுவது நல்லது. பின்னால் என்று வைத்தால் விரல் விறைத்து, வெளிச்சம் போய், அவசரமாகிவிடும். செய்து முடித்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு ராடைத் தொடுங்கள். அந்தத் தூள் ரீலின் அச்சுக்குள் போனால் மணலாக அராவும்.

மடுநிழல்

அந்தக் குறிப்பு நோட்டை ஆற்றுக்குக் கொண்டு போகவேண்டாம். ஜனவரி, பிப்ரவரி பக்கங்களை மட்டும் படமெடுத்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் மின்கலம் குளிரில் சீக்கிரம் தீரும், அதை நம்ப வேண்டாம். அவர் எழுதியதில் இடக்குறிப்பை அதிகம் நம்பாதீர்கள், வெள்ளம் வந்தால் மடுவே இடம் மாறும். மாறாதவை: எத்தனை மணிக்குப் பிடித்தது, தண்ணீர் வெப்பம், நீர்மட்டம், எந்த ஃபிளை. நீர்மட்டம் எழுதியிருந்தால் அன்றைய அளவோடு ஒப்பிடுங்கள். அதே மட்டமென்றால் அவர் போட்ட ஈயத்தின் அளவுகூட உங்களுக்குப் பொருந்தும். நீங்கள் எழுதுவது பென்சிலில் இருக்கட்டும், பேனா மை குளிரில் இறங்காது.

ஆற்றுமேடு

கடைசியாக ஒன்று. நுனித்துண்டு இரண்டில் எதை எடுத்துப் போவது?

பழையரீல்

இரண்டின் நுனிவளையத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள். அதிகம் வீசியதில் லைன் அறுத்த பள்ளம் தெரியும், நீளமும் மற்றதைவிட ஓரிரு செ.மீ. குறைவாக இருக்கலாம். பள்ளம் விழுந்த வளையம் புது லைனைக் கீறும். தேயாததை எடுத்துப் போங்கள்.

திரும்பி வந்ததும் ராடை டியூபில் அடைக்காதீர்கள். குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்தவுடன் முழுவதும் வியர்க்கும். காய்ந்த துணியால் துடைத்து, ஃபெரூலுக்குள் பஞ்சுக்குச்சி விட்டு ஈரத்தை எடுத்து, துணியுறையில் போட்டு ஹீட்டருக்கு எட்டத்தில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். ரீலில் ஸ்பூலைக் கழற்றித் தனியாக வையுங்கள், லைனைத் தளர்த்தி விடுங்கள். வேடரையும் காலணியையும் தேய்த்துக் கழுவி முழுக்கக் காயவையுங்கள். அந்த ஆற்றின் சேறு வேறு ஆற்றுக்குப் போகக்கூடாது.